பிளேக்: பிணம் தூக்கியவர் பெயர் எங்கே?



"கொள்ளையில போக" என்று நம் பாட்டிமார் வைவார்கள். அது திருடன் அடிக்கும் கொள்ளை அல்ல. காலராவும் பிளேக்கும் வீடு வீடாக அள்ளிப்போன கொள்ளை. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. வசவிலும் வழிபாட்டிலும் தங்கிவிட்ட இந்த நோய், வரலாற்றுப் பாடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கொலைக்குக் காரணமாக ஒற்றை வரியில் வந்து போகிறது.

1894இல் ஹாங்காங்கைப் பிடித்த பிளேக், 1896இல் பம்பாயில் இறங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பம்பாயிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை நம் திருத்தணியைத் தொட்டுத்தான் போகிறது. அன்று இது வட ஆர்க்காடு ஜில்லா. 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் பலத்தில் ரயில் பயணிகளை இறக்கிச் சோதித்தார்கள். நோய் கண்ட பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருவோருக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, பத்து நாள் கண்காணித்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரன் உடம்பின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

புனேயில் பட்டாளத்தார் பூட்ஸ் காலோடு சமையலறைக்குள்ளும் பூஜையறைக்குள்ளும் நுழைந்தார்கள். 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அத்துமீறல் உண்மைதான்; நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டின் தீட்டு தேசத்தின் அவமானமாக எழுதப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியாது.

அதே புனேயில், அதே ஆண்டில், சாவித்திரிபாய் பூலே என்ன செய்தார்? மகன் யஷ்வந்த் ஹடப்ஸர் அருகே நடத்திய சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டு சேர்த்தார். முண்ட்வாவின் மகர் சேரியில் நோயில் கிடந்த சிறுவனை முதுகில் சுமந்து வந்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். ராண்ட் சுடப்படுவதற்கு மூன்று மாதம் முந்திய சாவு இது. எத்தனை பாடநூலில் பார்த்திருக்கிறோம்?

பம்பாயில் இன்னொன்று நடந்தது. நோயாளிகளைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகும் ஆணை வந்ததும், மலம் அள்ளும் ஹலால்கோர்கள் ஊரை விட்டே போய்விடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. மாநகராட்சி நடுங்கிப்போனது. அவர்கள் போனால் நகரமே வாழத் தகாததாகிவிடும் என்று ஆணையர் ஸ்னோவுக்குத் தெரியும். ஆணையைத் தளர்த்தினார். பேரரசின் சட்டத்தைத் துடைப்பம் பிடித்தவர்களின் கால்கள் பின்வாங்க வைத்த இந்த இடத்தை நாம் வேலைநிறுத்த வரலாற்றில் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐரோப்பாவும் இதைக் கண்டதுதான். 1347க்குப் பின் வந்த கருஞ்சாவில் கிணற்றில் நஞ்சிட்டதாக யூதர்கள் மேல் பழி போட்டு எரித்தார்கள். உழைக்க ஆள் குறைந்து கூலி ஏறியபோது, 1351இல் இங்கிலாந்து கூலியை அடக்கச் சட்டம் போட்டது. சாவு வந்தும் ஆண்டைகளின் கவலை கூலியைப் பற்றித்தான்.

2020இல் அதே 1897 சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதபூஜை நடந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவே இருந்தார்கள்.

மாணவர்களிடம் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் சுகாதார அறிக்கைகளில் டாக்டர்களின் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். சுண்ணாம்பு தெளித்தவர், குடிசை எரித்தவர், பிணம் தூக்கியவர் எவர், என்ன கூலி என்று தேடுங்கள். பள்ளிப்பட்டிலும் நகரியிலும் நம் சேரிகளில் கதை சொல்லும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கேட்டு எழுதி வாருங்கள்.