ஒரு தளபதிக்கு 60 சிப்பாய்கள்! அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைதிப் பரிமாற்றம் பாதியில் நின்றது ஏன்?

ஒரு தலைமைத் தளபதியை விடுவித்தால் பதிலுக்கு 60 சிப்பாய்கள். கர்னலுக்கு 15 பேர், கேப்டனுக்கு 6 பேர், சாதா சிப்பாய்க்கு ஒரே ஒரு சிப்பாய். காய்கறிச் சந்தை விலைப்பலகை மாதிரி தெரிந்தாலும், இது 1862 ஜூலை 22-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். வடக்குத் தரப்பில் ஜான் டிக்ஸ், தெற்குத் தரப்பில் டி.ஹெச். ஹில் என இரண்டு தளபதிகள் பேசி முடித்ததால் 'டிக்ஸ்-ஹில் ஒப்பந்தம்' என்று பெயர்.

போர் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் இப்படி ஒரு ஏற்பாடு வராததற்குக் காரணம் அதிபர் லிங்கனின் தயக்கம். பிரிந்துபோன தென் மாநிலங்களோடு ஒப்பந்தம் போட்டால், அவர்களைத் தனி நாடாக ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அதனால்தான் அரசுக்கும் அரசுக்குமான உடன்படிக்கையாக இல்லாமல், ராணுவ அதிகாரிகள் மட்டத்திலேயே முடித்துக்கொண்டார்கள்.

பரோல் என்றால் அப்போது என்ன அர்த்தம்?

நமக்கு பரோல் என்றால் ஜெயில் கைதிக்குக் கிடைக்கும் விடுப்பு. அன்றைக்கு அது 'வாக்குறுதி'. பிடிபட்ட வீரரை 10 நாளுக்குள் விட்டுவிட வேண்டும்; முறைப்படி பரிமாற்றம் ஆகும் வரை துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கிழக்கே ஜேம்ஸ் ஆற்றங்கரையிலும், மேற்கே விக்ஸ்பர்க்கிலும் கைதிகள் கைமாறினார்கள். இரு தரப்பு அதிகாரிகளும் உட்கார்ந்து கணக்கை நேர் செய்து, 'பரிமாற்றம் முடிந்தது' என்று அறிவித்த பிறகே அந்த வீரர் மறுபடி போருக்குப் போகலாம். வீட்டுக்குப் போகும் ஆசையில் சிலர் வேண்டுமென்றே பிடிபடுகிறார்கள் என்று மேலதிகாரிகள் புலம்பியதும் உண்டு.

கணக்கில் வராத வீரர்கள்

1863-ல் வடக்கு ராணுவம் கறுப்பின மக்களைப் பெருமளவில் படையில் சேர்க்கத் தொடங்கியது. போர் முடிவதற்குள் சுமார் 1.8 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இங்கதான் பெரிய சிக்கல். தெற்கின் பார்வையில் இவர்கள் வீரர்களே இல்லை. முதலாளியிடமிருந்து ஓடிப்போன 'சொத்து'. சிக்கினால் மாநில அரசுகளிடம் ஒப்படைப்போம், அவர்களை வழிநடத்தும் வெள்ளை அதிகாரிகளுக்கு மரண தண்டனைகூட கிடைக்கலாம் என்று 1863 மே மாதம் தெற்கின் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. ஒரு தளபதிக்கு 60 பேர் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கறுப்பின வீரரை ஒரு ஆளாக எண்ண மனம் வரவில்லை.

பரிமாற்றம் படிப்படியாக நின்றது. இன்னொரு தகராறும் சேர்ந்துகொண்டது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் சரணடைந்தபோது கிராண்ட் 29,000-க்கும் அதிகமானவர்களை பரோலில் விட்டார். அதில் சிலர், கணக்கு முடியாமலேயே மறுபடி போர்க்களத்துக்கு வந்துவிட்டதாக வடக்கு குற்றம்சாட்டியது.

கிராண்ட்டின் உண்மையான கணக்கு வேறு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தெற்கில் ஆள் பஞ்சம். விடுதலையாகும் ஒவ்வொரு கைதியும் மறுநாளே எதிரிப் படையில் நிற்பான் என்று 1864 ஆகஸ்டில் அவரே எழுதியிருக்கிறார். அதை மறுக்க முடியாது. ஆனா அதே வருடம் அக்டோபரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று தெற்கின் தளபதி லீ கேட்டார். கறுப்பின வீரர்களும் அதில் உண்டா என்று கிராண்ட் திருப்பிக் கேட்டார். எங்கள் குடிமக்களுக்குச் சொந்தமான அடிமைகள் அதில் சேர மாட்டார்கள் என்றார் லீ. பேச்சு அதோடு முடிந்தது. 1865 ஜனவரியில் தெற்கு இறங்கி வந்த பிறகுதான் பரிமாற்றம் பெரிய அளவில் மீண்டும் தொடங்கியது. அதற்குள் போரே முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் சிறைகள் நிரம்பி வழிந்தன. ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 வடக்கு வீரர்களில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். வடக்கும் யோக்கியம் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா முகாமில் இருந்த சுமார் 12,000 தெற்கு வீரர்களில் ஏறக்குறைய 3,000 பேர் உயிரோடு திரும்பவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது?

இரு தரப்பின் கடிதங்களும் உத்தரவுகளும் அமெரிக்க அரசு வெளியிட்ட போர் ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன. அதன் இரண்டாம் வரிசையின் 8 தொகுதிகளும் கைதிகள் பற்றியவை. தனி ஒரு வீரரைத் தேடுபவர்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பணிப் பதிவுகளைப் பார்க்கிறார்கள். எங்கே பிடிபட்டார், எந்த முகாம், எப்போது பரோல் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். பரோல் தேதி வேறு, பரிமாற்றத் தேதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால், காத்திருந்த ஒரு வீரரைப் படையை விட்டு ஓடியவர் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஆண்டர்சன்வில் விஷயத்தில் இன்னொரு காகிதமும் உண்டு. டோரன்ஸ் அட்வாட்டர் என்ற 19 வயதுக் கைதிக்கு, அங்கே இறப்புகளைப் பதிவு செய்யும் வேலை. அவர் ரகசியமாக இன்னொரு பிரதி எழுதி, விடுதலையானபோது வெளியே கொண்டுவந்துவிட்டார். 1865 கோடையில் கிளாரா பார்ட்டனும் அவரும் அடங்கிய குழு அதை வைத்துத்தான் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தது. அந்த 13,000 பேரில் இன்றும் பெயர் தெரியாமல் இருப்பவை சுமார் 460 கல்லறைகள்.