ஓமந்தூராரும் பதினான்கில் ஒரு பங்கும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், மானாவாரி நிலமும் மணிலாக்கொட்டையும் மிகுந்த பழைய தென்னார்க்காட்டுச் சிற்றூர். இவ்வூரில் 1895-ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியாரே, நாடு விடுதலை பெற்ற வேளையில் சென்னை மாகாணத்தின் பிரதமராக வீற்றிருந்தவர். முதலமைச்சரை அந்நாளில் பிரதமர் என்றே வழங்கினர். அவருடைய ஈராண்டு ஆட்சியை நம் சமுதாயத்தின் கண்கொண்டும் ஒருமுறை நோக்குதல் தகும்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் எழுந்த பூசலால் பிரகாசம் அவர்கள் விலக நேர்ந்தபோது, 1947 மார்ச் 23 அன்று ஓமந்தூரார் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் பிறந்த சட்டங்கள் எளியவை அல்ல. 1947-இல் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. தென்னார்க்காடு பெரிதும் ரயத்துவாரி மாவட்டம். இடைத்தரகர் இன்றி அரசுக்கு நேரே வரி கட்டும் பட்டாதாரரின் நிலை எத்தகையது என்பதை வயலில் நின்றே அறிந்த ஒருவர், ஜமீன் பகுதிக் குடியானவர்களுக்கும் அந்நிலையை வழங்க முற்பட்டதில் வியப்பில்லை. அதே அரசுதான் 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி எதிர்ப்பைத் தேடிக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1949 ஏப்ரலில் பதவி நீங்கியவர், வடலூரில் வள்ளலார் நெறியில் தொண்டாற்றி, 1970-இல் மறைந்தார். அதிகாரத்தை இழந்தபின் அதன் வாசலிலேயே காத்துக் கிடப்போரைக் காணும் நமக்கு இது அரிய செய்தியே.

அக்காலச் சட்டமன்றத்தில் அவருக்கு எதிர்வரிசையில் தலைவராக அமர்ந்திருந்தவர் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். பிரிவினையின் காயம் ஆறாத 1948 மார்ச் 10 அன்று, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் சென்னை இராஜாஜி மண்டபத்தில் உருவாயிற்று. அம்மண்டபம் அமைந்துள்ள அரசினர் தோட்டம் இன்று ஓமந்தூரார் பெயரையே தாங்கி நிற்கிறது!

இனி நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். 1927 முதல் நடப்பிலிருந்த வகுப்புவாரி ஆணையின்படி, அரசுப் பணிகள் பன்னிரண்டில் முஸ்லிம்களுக்கு இரண்டு உரியவை. 1947-இல் ஓமந்தூரார் அரசு அதைத் திருத்தியது. மொத்தம் பதினான்காயிற்று, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியே இரண்டு கிடைத்தன, தாழ்த்தப்பட்டோரின் பங்கு ஒன்றிலிருந்து இரண்டாயிற்று. முஸ்லிம்களின் பங்கோ இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. கிறிஸ்தவர்களுக்கும் அவ்வாறே. நெடுநாள் புறக்கணிக்கப்பட்டோர் பெற்றது நீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நீதிக்கான விலையில் ஒரு பகுதியைச் சிறுபான்மையினர் செலுத்த நேர்ந்தது எனக் கூறுவது குறைகூறல் ஆகாது, கணக்கு அது.

அந்த ஒரு பங்கும் நிலைக்கவில்லை. வகுப்புவாரி ஆணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1951-இல் தீர்ப்பளித்தது. அதன் எதிரொலியாக அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோர்க்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் என்ற பெயரிலேயே ஒரு பங்கு தமிழ்நாட்டில் மீண்டும் எழுதப்பட்டது 2007-ஆம் ஆண்டில்: பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் 3.5 விழுக்காடு.