தொற்றுநோய்க் காலத்து ஜனாஸா: தொண்டர்கள் செய்ததும் மார்க்கச் சட்டம் சொல்வதும்

"வாப்பாவைக் குளிப்பாட்டவில்லை, முறையாகக் கஃபனிடவில்லை, பையோடு வைத்து மூடிவிட்டார்கள். அந்த ஜனாஸா நிறைவேறியதா?" கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் ஆகியும் ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், இரவணசமுத்திரம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி நம்மிடம் வருகிறது. கேட்பவர்களில் பலர் அன்று கபுரஸ்தானுக்குள் நுழையவே முடியாமல் வெளியில் நின்ற பிள்ளைகள்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழுவது, அடக்குவது ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். யாருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. 2020-21இல் அந்தச் சிலராக நின்றவர்கள் தமுமுக, தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் முதலிய அமைப்புகளின் தொண்டர்களும், பெயர் தெரியாத மஹல்லா இளைஞர்களும்தான்.

அவர்கள் எந்தச் சூழலில் இறங்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2020 மார்ச் கடைசியில் டெல்லி தப்லீக் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைக் காரணம் காட்டி சமுதாயம் முழுவதையும் நோய் பரப்புவோராகச் சித்தரித்தார்கள். மேலப்பாளையம் அடைக்கப்பட்டது. அந்த மாநாட்டில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லி, அவர்கள் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது ஆகஸ்டில்தான். இடைப்பட்ட ஏப்ரலில், சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் பிரதீப் குமார் நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளி அவரை அடக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு, அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை என அவசரச் சட்டம் வந்தது. தங்களைப் பார்த்தே ஒதுங்கிய தெருக்களில்தான் நம் பிள்ளைகள் பிறரின் உடல்களைச் சுமந்தார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். 2020 மார்ச் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலைக் குளிப்பாட்டுவதையும் முத்தமிடுவதையும் அணைப்பதையும் தடுத்தது. கசியாத பையில் வைத்து, பையின் வெளிப்புறத்தை 1% ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்கச் சொன்னது. அதே வழிகாட்டுதல், ஊழியர்கள் பையின் முகப்பக்கத்தைத் திறந்து உறவினருக்கு முகம் காட்டலாம் என்றும், உடலைத் தொடாமல் வேதம் ஓதுவது போன்ற சடங்குகளைச் செய்யலாம் என்றும் அனுமதித்தது. பல ஊர்களில் இந்த இரண்டாவது பகுதி யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எத்தனையோ தாய்மார்கள் கடைசியாக ஒருமுறை முகம் பார்த்திருப்பார்கள்.

குளிப்பாட்ட முடியாதபோது தயம்மும் செய்விப்பது ஃபிக்ஹு நூல்களில் முன்பே உள்ள சட்டம். கொரோனாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கையுறை அணிந்தவர் மண்ணில் கை அடித்து மய்யித்தின் முகத்தையும் கைகளையும் தடவினால் போதும். பையைத் திறக்க முடியாதபோது சிலர் அதன் மேலேயே தடவினார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. தயம்முமும் முடியாவிட்டால்? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி தொழுகைக்குச் சுத்தம் நிபந்தனை. ஆனாலும் செய்ய முடியாத ஒன்றுக்காகச் செய்ய முடிந்ததை விடத் தேவையில்லை என்ற அடிப்படையில், தொழலாம் என்றே பிற்கால அறிஞர்கள் சிலர் சொன்னார்கள். தொழாமல் அடக்கப்பட்டவருக்குக் கபுரில் நின்று தொழுவதற்கு ஹனஃபி மத்ஹபிலும் வழி உண்டு. கஃபனைப் பொறுத்தவரை உடல் முழுவதும் மறைவதே அடிப்படை. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பதில்: கடமை நிறைவேறியது, மனம் கலங்க வேண்டாம். கொள்ளைநோயில் மரணிப்பவர் ஷஹீத் என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. உமர் (ரலி) காலத்து அம்வாஸ் கொள்ளைநோயில் மௌத்தானவர்களில் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற சஹாபாக்களே இருந்தார்கள்.

மருத்துவமும் மார்க்கமும் இங்கே மோத வேண்டியதில்லை என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்கா சாட்சி. 2014இல் எபோலா பரவியபோது புதிய தொற்றுகளில் குறைந்தது 20% அடக்கச் சடங்குகளின்போது ஏற்பட்டவை என உலக சுகாதார நிறுவனம் கணித்தது. வெள்ளை உடுப்பில் வந்தவர்கள் உடலைப் பிடுங்கிக்கொண்டு போனதால் மக்கள் இரகசியமாக அடக்கத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் இஸ்லாமிக் ரிலீஃப், கிறிஸ்தவ அமைப்பான காரிதாஸ் முதலியவற்றோடு கலந்து அந்நிறுவனம் புதிய நெறிமுறை வகுத்தது. முஸ்லிம் ஜனாஸாக்களுக்குத் தயம்முமும் கஃபனும் அதில் இடம்பெற்றன.

இலங்கை இதற்கு நேர் எதிர். அடக்கம் செய்வதில் ஆபத்து இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லாதபோதும், 2020 ஏப்ரல் முதல் அங்கே முஸ்லிம் ஜனாஸாக்களையும் எரித்தார்கள். இருபது நாள் குழந்தையைக்கூட விடவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல்.

நம் தொண்டர்கள் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களின் உடல்களையும் மயானத்துக்கும் கல்லறைக்கும் கொண்டுசேர்த்தது சரியா என்றும் சிலர் கேட்கிறார்கள். அபூதாலிபை அடக்கும்படி அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே கட்டளையிட்டார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது எழுந்தும் நின்றார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அவரவர் சடங்கை அவரவர் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, சுமப்பதை மட்டும் நாம் செய்தால் போதும்.

ஒன்றில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. சில இடங்களில் இறந்தவரின் பெயர், ஊரோடு அடக்கக் காட்சிகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. மய்யித்தின் குறையை மறைப்பது குளிப்பாட்டுபவருக்குரிய ஒழுக்கம் என்றால், நோயை ஊரறியச் செய்வது எப்படி ஆகும்? அமைப்பின் கொடி தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டின் துக்கம் தெரிய வேண்டியதில்லை.

பணத்திலும் கவனம் வேண்டும். ஜகாத் பணத்தைக் கஃபனுக்கும் அடக்கச் செலவுக்கும் பயன்படுத்துவதைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. அது தகுதியுடையவரின் கைக்கே போய்ச்சேர வேண்டும். கவச உடை, ஆம்புலன்ஸ் டீசல், குழி வெட்டும் கூலி ஆகியவற்றுக்கு ஜமாஅத்துகள் ஸதக்காவிலிருந்து தனி நிதி வைத்திருப்பதே நல்லது. வருமானத்தை இழந்த ஏழைக் குடும்பத்துக்கு ஜகாத்தை நேரடியாகக் கொடுக்கலாம்.

இன்னும் கைவைக்கப்படாத வேலை ஒன்று உண்டு. அன்று களத்தில் நின்றவர்களில் பெண்கள் மிகக் குறைவு. பெண் மய்யித்துக்குத் தயம்மும் செய்விக்க மஹ்ரமான ஆணோ பெண்ணோ இருப்பதே நல்லது; யாரும் இல்லாவிட்டால் அந்நிய ஆண் கையில் தடுப்போடு செய்விக்கலாம். குடும்பமே தனிமைப்படுத்தப்பட்டிருந்த நாட்களில் இருவரும் கிடைக்கவில்லை. கவச உடை அணியவும் கழற்றவும், கையுறையோடு தயம்மும் செய்விக்கவும் மஹல்லாவுக்கு நான்கு பெண்களுக்காவது பயிற்சி கொடுக்க வேண்டும். நம் பகுதிப் பெண்கள் மதரஸாக்களில் குஸ்ல் பாடம் ஏற்கெனவே நடக்கிறது. அதோடு ஒரு நாள் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களிடம் ஜமாஅத் நிர்வாகிகள் கேட்டுப் பார்க்கலாம்.