மருத்துவச்சியின் இடம்

ஊரப்பாக்கத்தின் வழியே ஓடும் இருப்புப்பாதையில் வடக்கே எழும்பூரும் தெற்கே செங்கற்பட்டும் அமைந்துள்ளன. எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனை. செங்கற்பட்டில் 1965இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை. இடைப்பட்ட ஊர்களில் பேறுகால வலி கண்ட பெண் இன்று இவற்றையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, தனியார் மருத்துவமனையையோ நாடுகிறாள். சில தலைமுறைகளுக்கு முன் மருத்துவச்சியே வீடு தேடி வந்தாள். இம்மாற்றத்தில் தமிழ்ச் சமூகம் பெற்றது எது, இழந்தது எது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மருத்துவச்சி பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்தவள். மருத்துவர் என்ற பெயரும் அக்குலத்துக்கு உண்டு. தாயிடமிருந்து மகள் கற்ற தொழில் அது. கூலி நெல்லும் புடவையுமாக அமைந்தது. நள்ளிரவில் அவளை உள்ளறைக்கு அழைத்த வீடுகளிற் பல, மற்ற நாட்களில் அவளை வாசலோடு நிறுத்தின. பிள்ளைப்பேறு தீட்டெனக் கருதப்பட்டமையால் அவள் கைத்திறனுக்கு உரிய மதிப்பு கிட்டவில்லை.

சென்னையில் மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை 1844இல் தொடங்கப் பெற்று, 1882இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் மருத்துவமனை என்றாலே பாதுகாப்பு என்று பொருளில்லை. வியன்னா நகரில் மருத்துவ மாணவர் பணியாற்றிய பிரிவில், மருத்துவச்சியர் பணியாற்றிய பிரிவைவிட மிகுதியான தாய்மார் பேறுகாலக் காய்ச்சலால் மாண்டனர். பிணங்களை அறுத்துப் பயின்ற கைகளுடன் மாணவர் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்பதை 1847இல் செம்மல்வைஸ் கண்டறிந்து, கை கழுவும் விதியைக் கொணர்ந்தார்; சாவு குறைந்தது. தூய்மை தவறினால் வீடும் மருத்துவமனையும் ஒன்றே என்பதற்கு இது சான்று.

இக்கல்வி தமிழிலும் வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் தந்தார். ஆயினும் அச்சுத் தமிழுக்கும் எழுத்தறியாத மருத்துவச்சிக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது.

ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களின் துயர் கண்ட மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அவர் முயற்சியால் 1885இல் கோஷா மருத்துவமனை தோன்றியது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி போன்றோரால் பெண் மருத்துவர் மீதான நம்பிக்கை வளர்ந்தது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப் பெற்றது. பயின்று பதிவு பெற்றவருக்கு அது தகுதி அளித்தது. ஊர் மருத்துவச்சியோ பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். அடுத்த ஆண்டில் வெளியான காதரின் மேயோவின் 'மதர் இந்தியா', நாட்டு மருத்துவச்சியை அழுக்கின் உருவாகவே காட்டியது. அந்நூலைத் தேசியவாதிகள் கடுமையாக மறுத்தனர். ஆயினும் மருத்துவச்சியைப் பற்றிய அச்சித்திரம் மட்டும் படித்தவர் மனத்தில் தங்கிவிட்டது.

அவளிடம் குறையில்லை என்று வாதிடுவது வரலாறாகாது. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டுக் குழந்தைகள் இசிவு நோயால் இறந்ததுண்டு. உதிரப்போக்கு மிகுந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும், எத்துணைத் தேர்ந்த கையும் வீட்டில் செய்யக்கூடியது சிறிதே. 1999 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியரை அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தமிழக அரசு வழி செய்தது. 1998-99இல் நூற்றுக்கு 79 ஆக இருந்த நிலையப் பிரசவங்கள் 2019-21இல் 99ஐத் தாண்டின. ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு.

எனினும் மறுபக்கமும் உண்டு. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையிலுள்ள கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் சென்னையிலும் 1995இல் களஆய்வு செய்த மானிடவியலர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட நூலில் ஏழைப் பெண்களின் மனக்குறைகளைப் பதிவு செய்தார். வலியை முடுக்கும் ஊசி, வசைச்சொல், கையூட்டு, ஒப்புதலின்றிப் பொருத்தப்படும் கருத்தடைச் சாதனம் ஆகியவை அவற்றுட் சில. அப்பெண்கள் நவீன மருத்துவத்தை வெறுக்கவில்லை; தங்களை நடத்திய முறையையே வெறுத்தனர்.

2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி உதவியுடன் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பழைமைக்குத் திரும்புதல் என்று சிலர் அம்முயற்சிகளைப் போற்றினர். பழைய வீட்டில் நூறு பிரசவம் பார்த்த பெண்ணொருத்தி இருந்தாள்; புதிய வீட்டில் அவள் இல்லை. ஆகவே அது மரபுக்குத் திரும்புதலும் ஆகாது.

மருத்துவமனையும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. 2019-21 கணக்கின்படி தமிழகப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவையால் நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் அது 64. இயல்பான பிரசவத்தைப் பொறுமையோடு பார்க்கவல்ல, தனிப்பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை உருவாக்க 2018 டிசம்பரில் இந்திய அரசு நெறிமுறைகள் வெளியிட்டது. பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டவளின் தொழில், கல்வியின் துணையோடு மருத்துவமனைக்குள்ளேயே திரும்பும் வாய்ப்பு இது. அதில் அவளது குலத்துப் பெண்களுக்கும் இடம் கிட்டினால் பழைய கடன் ஓரளவு தீரும்.

திருச்சிராப்பள்ளித் தலபுராணம் இங்கு நினைவுகூரத்தக்கது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாதபோது, சூல் முதிர்ந்த பெண்ணுக்கு இறைவனே தாய் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான். தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். எல்லாம் வல்லவன் தொலைவிலிருந்தே அருளியிருக்கலாம். அருகில் அமர்ந்து கைப்பற்ற ஒருவர் வேண்டும் என்பதைத் தமிழ் மனம் அன்றே அறிந்திருந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்க வழிசெய்த திட்டம் 2004இல் வந்தது. சென்னையில் மகப்பேறு மருத்துவமனை தோன்றி அப்போது நூற்றறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.