ஒப்புதல் சான்றிதழ்: பிரித்தானியாவில் நைஜீரியக் குடியேறிகளின் திருமணச் சட்ட வரலாறு

2005 பிப்ரவரி 1 முதல் 2011 மே 9 வரை, ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்த நைஜீரியர் ஒருவர் பதிவாளர் முன் திருமணம் செய்ய விரும்பினால் இருவரின் சம்மதம் மட்டும் போதவில்லை. உள்துறை அமைச்சின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டியிருந்தது. அந்தத் தாளுக்கு ஒப்புதல் சான்றிதழ் என்று பெயர். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களும், திருமணத்துக்கென்றே விசா வாங்கி வந்தவர்களும் இதிலிருந்து விலக்குப் பெற்றனர். மற்றவர்கள் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, காத்திருக்க வேண்டும். விதி நைஜீரியருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே உள்ள எல்லா நாட்டவருக்கும், ஆகவே இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் அது பொருந்தியது. ஆனால் அதன் இறுதித் தீர்ப்பில் வழக்காடியாக நின்றவர் ஒரு நைஜீரியர்.

நைஜீரியாவின் மூவகைத் திருமணம்

வெளிநாட்டுப் பதிவாளர் நைஜீரியரிடம் முதலில் கேட்பது, அவர் மணமாகாதவரா என்பதே. எளிய கேள்வி போலத் தோன்றினாலும் நைஜீரியச் சட்டத்தின்படி இதற்கு விடை சொல்வது அத்தனை எளிதன்று. அங்கே மூன்று வகைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும்: பதிவுச் சட்டத் திருமணம், வழக்காற்றுத் திருமணம், இசுலாமியத் திருமணம்.

பதிவுச் சட்டத் திருமணம் காலனிய ஆட்சியின் வரவு. லாகோஸ் பகுதிக்கு 1884 இல் திருமண அவசரச் சட்டம் வந்தது. 1914 இல் வந்த சட்டமே சில மாற்றங்களுடன் இன்றும் திருமணச் சட்டமாக நிற்கிறது. இது ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஆங்கிலேய முறையைச் சேர்ந்தது. வழக்காற்றுத் திருமணம் அதற்கு மிக முந்தியது. இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான உடன்பாடு அது. மணமகன் வீட்டார் பெண் கேட்டு வருவது, பரிசப் பொருள் கொடுப்பது, பெண் வீட்டார் ஏற்பது ஆகியவையே அதன் சட்ட அடிப்படை. இக்போ மக்களிடையே மணப்பெண் பனங்கள் கிண்ணத்தை ஏந்திக் கூட்டத்துக்குள் மணமகனைத் தேடிச் சென்று அவன் கையில் கொடுப்பது திருமணத்தின் உச்சமான சடங்காகும். பல குடும்பங்கள் இரண்டையும் செய்கின்றன: ஊரில் வழக்காற்று முறை, பிறகு பதிவு அலுவலகமோ தேவாலயமோ.

வழக்காற்று முறையில் ஒருவரை மணந்தவர், பதிவுச் சட்டத்தின் கீழ் அதே நபரை மீண்டும் மணக்கலாம். வேறொருவரை மணந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று நைஜீரியச் சட்டம் சொல்கிறது. ஆங்கிலச் சட்டமும், ஒரு திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுமானால் அதன் சடங்கு வடிவத்தை ஏற்கிறது. எனவே ஊரில் பெரியவர்கள் முன்னிலையில் வழக்காற்று மணம் முடித்துவிட்டு, பதிவு நடக்கவில்லை என்பதால் தம்மை மணமாகாதவர் என்று லண்டனில் எழுதிக் கொடுப்பவர் அறியாமலே பெரிய சிக்கலில் விழுகிறார். பரிசப் பொருள் கொடுத்ததற்குத் தாள் இல்லாமல் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் மனைவி இருக்கிறாள்.

தூதரகத்தில் மணம் முடித்தால் என்ன என்ற கேள்வியும் அடிக்கடி எழுவதுண்டு. வெளிநாட்டிலுள்ள நைஜீரியத் தூதரக அதிகாரி முன் நடக்கும் திருமணத்தை நைஜீரியத் திருமணச் சட்டம் ஏற்கிறது. ஆனால் தூதரகக் கட்டடம் அன்னிய மண் என்பது பரவலான தவறான எண்ணம். லண்டனிலுள்ள எகிப்தியத் துணைத் தூதரகத்தில் சொல்லப்பட்ட தலாக் வெளிநாட்டில் நடந்ததாகாது என்று ராத்வான் வழக்கில் 1972 இல் ஆங்கில நீதிமன்றம் முடிவு செய்தது. லண்டனில் நடக்கும் திருமணம் எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் ஆங்கிலச் சட்டப்படியே நடக்க வேண்டும்.

பதிவாளர் காவலர் ஆனார்

20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலப் பதிவாளரின் வேலை வயது, உறவுமுறை, முந்தைய திருமணம் ஆகிய மூன்றையும் சரிபார்ப்பதோடு முடிந்தது. மணமகனின் விசா அவருக்குத் தொடர்பில்லாத விஷயம். குடிவரவு விதிகள் இறுக இறுக, கணவன் அல்லது மனைவி என்ற நிலை நாட்டில் தங்குவதற்கான சில வழிகளில் ஒன்றாக மாறியது. அதோடு போலித் திருமணம் பற்றிய அச்சமும் வளர்ந்தது. 1999 ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டம் சந்தேகத்துக்குரிய திருமணங்களை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும் கடமையைப் பதிவாளர் மீது சுமத்தியது. ஆனாலும் திருமணத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

2004 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை அமைச்சுக்கே கொடுத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 76 பதிவு அலுவலகங்கள் மட்டுமே இத்தகைய திருமண அறிவிப்புகளை ஏற்கும் என்று குறிக்கப்பட்டன. முதலில் 135 பவுண்டாக இருந்த சான்றிதழ்க் கட்டணம் பின்னர் 295 பவுண்டு ஆனது. முதல் வடிவத்தின்படி, விண்ணப்பதாரருக்கு மொத்தம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தங்கல் அனுமதி வழங்கப்பட்டிருக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்று மாதம் மீதியிருக்க வேண்டும். இல்லையெனில், மிக விதிவிலக்கான இரக்கக் காரணங்கள் இருந்தாலொழிய, சான்றிதழ் கிடையாது.

திட்டத்தின் அடிப்படைக் குறை இங்கேதான் இருந்தது. போலித் திருமணத்தைத் தடுப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது. திட்டம் வந்த பிறகு சந்தேகப் புகார்கள் குறைந்துவிட்டன என்றும் வாதிட்டது. ஆனால் சான்றிதழ் கொடுப்பவர் அந்தத் திருமணம் போலியா என்று பார்க்கவில்லை, கடவுச்சீட்டில் உள்ள தேதியையே பார்த்தார். இரண்டு ஆண்டு மாணவர் விசா உள்ளவர் பணத்துக்காக ஒருவரை மணந்தாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். விசா காலாவதியானவர் பத்து ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றிருந்தாலும் கிடைக்காது.

இன்னொரு விந்தையும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையில் ஓலை வாசித்தோ திருச்சபை உரிமம் பெற்றோ நடக்கும் திருமணம் பதிவாளரிடம் போவதில்லை. ஆகவே அதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்று விடப்பட்டது. நைஜீரியாவில் ஆங்கிலிக்கன் சபையும் பெரிது, கத்தோலிக்க சபையும் பெரிது. ஒரே ஊரிலிருந்து லண்டனுக்கு வந்த இரண்டு நைஜீரியர்களில் ஆங்கிலிக்கர் அமைச்சைக் கேட்காமல் மணக்கலாம்; கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் முசுலிமும் கேட்க வேண்டும்.

பையாய் வழக்கு

அல்சீரிய முசுலிம் ஒருவரும் போலந்துக் கத்தோலிக்கப் பெண் ஒருவரும், அவர்களோடு வேறு சிலரும் தொடுத்த வழக்கு பையாய் வழக்கு எனப்படுகிறது. உயர் நீதிமன்ற நீதிபதி சில்பர் 2006 ஏப்ரலில் திட்டம் மனித உரிமைகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 மே மாதத்தில் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. 2008 சூலை 30 அன்று பிரபுக்கள் அவையில் பிங்காம் பிரபு முதன்மைத் தீர்ப்பை எழுதினார். திருமண உரிமையை அரசு ஒழுங்குபடுத்தலாம், போலியைக் கண்டறியச் சோதிக்கலாம். ஆனால் உண்மையைச் சோதிக்காமல் ஒரு வகுப்பாரை முழுவதுமாகத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஏழைகளுக்கு எட்டாத கட்டணமும் உரிமையை அழிக்கக் கூடும் என்று அவை குறிப்பிட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அமைச்சு திட்டத்தை இரு முறை திருத்தியது. 2007 சூனில் வந்த மூன்றாம் வடிவம்தான் தங்கல் அனுமதியே இல்லாதவர்களையும் விண்ணப்பிக்க அனுமதித்தது. ஆனால் 295 பவுண்டு அப்படியே இருந்தது.

வட அயர்லாந்தில் ஒரு இணையர்

ஓ'டோனஹூ எதிர் ஐக்கிய இராச்சியம் என்ற வழக்கு அந்தக் கட்டணத்தில் தொடங்கியது. மணமகன் நைஜீரியர், 2004 இல் வட அயர்லாந்துக்கு வந்து பின்னர் புகலிடம் கோரியவர். மணமகள் பிரித்தானிய, அயர்லாந்து ஆகிய இரு குடியுரிமைகளும் உடையவர். இருவரும் வழிபாட்டில் தவறாத கத்தோலிக்கர். 2006 மே மாதத்தில் மணக்க முடிவு செய்தனர். அப்போதிருந்த விதியின்படி அவருக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லை. 2007 இல் தகுதி வந்தபோது கட்டணம் குறுக்கே நின்றது: புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருந்ததால் அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை, அவள் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தாள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டனர், அமைச்சு மறுத்தது.

கடைசியில் நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தனர். 2008 சூலையில் சான்றிதழ் வந்தது. அக்டோபரில் திருமணம் நடந்தது. முடிவெடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். இங்கிலாந்துத் திருச்சபை முறையில் மணக்க முடிந்தவருக்கு இந்தக் காத்திருப்பே இருந்திருக்காது.

திருமணம் முடிந்த பிறகும் அவர்கள் வழக்கைக் கைவிடவில்லை. இசுட்ராசுபர்க்கிலுள்ள மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 2010 திசம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது. மனித உரிமை உடன்படிக்கையின் 12 ஆம் பிரிவு தரும் திருமண உரிமை மீறப்பட்டது என்றும், மத அடிப்படையில் பாகுபாடு காட்டப்பட்டது என்றும் அது கூறியது. முதல் இரு வடிவங்களும் ஒரு வகுப்பார் மீதான முழுத் தடையாக இருந்தன. மூன்றாம் வடிவத்தில் கட்டணமே தடையாக நின்றது. 2009 இல் கட்டணத்தை நிறுத்தி, சிலருக்குத் திருப்பித் தர அமைச்சு ஏற்பாடு செய்திருந்தது. ஆனால் பணமில்லாததால் மணக்க முடியாமல் போனவருக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. ஐந்து மாதங்களில் திட்டம் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது.

டப்ளினிலிருந்து ஒரு வழக்கு

அயர்லாந்துக் குடியரசில் சிக்கல் வேறு வகையானது. அங்கே தடை திருமணத்துக்கு அன்று, திருமணத்துக்குப் பின் தங்குவதற்கு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவர், முன்பே வேறோர் உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து 2006 இல் விதித்திருந்தது. இதை எதிர்த்து நான்கு இணையர்கள் தொடுத்தது மெட்டாக் வழக்கு. முதல் வழக்காடி கமரூன் நாட்டவர். நைஜீரியர்களும் அதில் இருந்தனர். போலந்துப் பெண்ணை மணந்த நைஜீரியர் ஒருவர் 2007 திசம்பரில் நாடு கடத்தப்பட்டுவிட்டார். பையாய் தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்பு, 2008 சூலை 25 அன்று, ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்தின் விதி செல்லாது என்றது. எங்கே, எப்போது மணந்தார்கள், அவர் நாட்டுக்குள் எப்படி வந்தார் என்பவை உரிமையைப் பாதிக்கா.

பதிலாள் திருமணம்

வழக்காற்றுத் திருமணம் குடும்பங்களின் உடன்பாடு என்பதால் மணமகன் நேரில் வராமலே அது நடக்கும். அவர் சார்பில் அண்ணனோ சிற்றப்பாவோ நிற்பார். சில வீடுகளில் அவருடைய படத்தை நாற்காலியில் வைத்துச் சடங்கு நடத்துவதும் உண்டு. விசா சிக்கலால் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாத குடியேறிகளுக்கு இது பெரிய வசதியாக அமைந்தது.

இப்படி நைஜீரியாவில் பதிலாள் வழி மணந்த ஒரு நைஜீரியரின் வழக்கே கரீம். மனைவி நெதர்லாந்துக் குடிமகள். இருவரும் வாழ்ந்தது பிரித்தானியாவில். இந்தத் திருமணம் நெதர்லாந்துச் சட்டப்படி செல்லுமா என்று காட்ட வேண்டும் என 2014 இல் குடிவரவு மேல் தீர்ப்பாயம் கூறியது. நைஜீரியாவில் நடந்த திருமணத்தை, பிரித்தானியாவில் வாழ்பவர், ஆம்சுடர்டாம் வழக்கறிஞரைக் கொண்டு நிறுவ வேண்டிய நிலை. மூன்று ஆண்டுகள் பலரின் விண்ணப்பங்கள் இதனால் தள்ளப்பட்டன. 2017 மார்ச்சில், கானா நாட்டவர் ஒருவரின் அவுக்கு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கரீம் தீர்ப்பு தவறு என்றது. நடந்த இடத்தில் செல்லும் திருமணம் இங்கும் செல்லும் என்ற பழைய விதி திரும்பியது. அரசுத் தரப்பே கரீம் தீர்ப்பை ஆதரிக்கவில்லை.

2015 க்குப் பின்

ஒப்புதல் சான்றிதழ் ஒழிந்தாலும் அதன் நோக்கம் வேறு உருவில் தொடர்ந்தது. 2014 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 2015 மார்ச் 2 முதல் திருமண அறிவிப்புக் காலத்தை 15 நாளிலிருந்து 28 நாளாக உயர்த்தியது. குடிவரவு நிலை உறுதியற்றவர்களின் அறிவிப்புகள் உள்துறை அமைச்சுக்கு அனுப்பப்படுகின்றன; அமைச்சு விசாரிக்க விரும்பினால் காலம் 70 நாளாக நீளும். விசாரணைக்கு ஒத்துழைத்தவரின் திருமணத்தை அதற்கு மேல் தடுக்க முடியாது. இந்த வேறுபாடு பையாய், ஓ'டோனஹூ தீர்ப்புகளின் விளைவு எனலாம். திருச்சபை விலக்கும் போயிற்று: வெளிநாட்டவர் இங்கிலாந்துத் திருச்சபையில் மணந்தாலும் முதலில் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும். 2021 சூலை 1 முதல், குடியிருப்பு நிலை பெறாத ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் இதே வரிசையில் நிற்கின்றனர்.

நீதிமன்றங்கள் காத்தது மணக்கும் உரிமையை. மணந்த பின் சேர்ந்து வாழும் உரிமை தனியே விலை வைக்கப்பட்டது. துணைவர் விசாவுக்கு 2012 சூலையில் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்டு ஆயிற்று.