சானடோரியமா, வீடா: சென்னைக் காசநோய் ஆய்வும் சிகிச்சையின் செலவுக் கணக்கும்

ஒரு சிகிச்சை பலன் தருமா, அந்தப் பலன் கொடுக்கும் விலைக்குத் தகுமா என்ற இரண்டு கேள்விகளும் இன்றைய பெரிய மருந்தாய்வுகளின் திட்ட வரைவில் அருகருகே இடம்பெறுகின்றன. இரண்டாவது கேள்வி மருத்துவத்துக்குள் நுழைந்த கதையைச் சொல்பவர்கள் வைன்ஸ்டீனும் ஸ்டேசனும் 1977இல் எழுதிய கட்டுரையிலும், 1987இல் டிரம்மண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பாடநூலிலும் தொடங்குவது வழக்கம். ஒரு துறையின் வரலாறாக அது சரிதான். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, முழுக்க முழுக்கப் பொருளாதாரக் கேள்வி ஒன்றுக்கு விடை தேடி சென்னையில் ஒரு மருந்தாய்வு நடந்தது. கேள்வி பொருளாதாரத்துடையது, அளவுகோல்களோ எல்லாம் மருத்துவத்துடையவை. தன் முடிவை ரூபாய்க் கணக்கில் நிறுவ அது முனையவே இல்லை. அப்படி எழுதப்படாமல் போன கணக்கை யார் சுமந்தார்கள் என்பதைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சென்னை ஆய்வுக்கு முன்னோடி லண்டனில் இருக்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், போரில் நொடிந்திருந்த பிரிட்டனிடம் அதை வேண்டிய அளவு வாங்க டாலர் இல்லை. எல்லாருக்கும் கொடுக்க முடியாத மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, மற்றவர்களை வழக்கமான படுக்கை ஓய்வில் வைத்து ஒப்பிடுவது அறத்துக்கு முரணாகாது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வாதிட்டது. யாருக்கு எது என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து, மூடிய உறைகளில் வைத்தார். எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எது எந்தக் குழுவின் படம் என்று தெரியாது. 1948இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். சமவாய்ப்பு முறையின் தொடக்கமாக நாம் கொண்டாடும் இந்த ஆய்வுக்கு இடம் கொடுத்ததே பற்றாக்குறைதான் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இந்தியாவில் பற்றாக்குறை வேறு அளவில் இருந்தது. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. படுக்கைகளோ ஏறத்தாழ 6,000. சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, ஊரைவிட்டு விலகிய கட்டடம் என்பதே அன்றைய மருத்துவம் நம்பிய வழி. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய சானடோரியம் அந்த நம்பிக்கையின் சின்னம். தாம்பரத்துச் சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் 25 லட்சம் பேருக்குத் தாம்பரங்கள் கட்டுவது எந்த அரசாலும் ஆகாத காரியம்.

1952இல் ஐசோனியாசிட் வந்ததும் கணக்கு மாறத் தொடங்கியது. மலிவானது, மாத்திரையாக விழுங்கக்கூடியது. பாஸ் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கிருமி எதிர்ப்பாற்றல் பெறுவதையும் தடுக்கலாம். அப்படியானால் நோயாளியைப் படுக்கையில் கிடத்தத்தான் வேண்டுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. லண்டனிலிருந்து வந்து அதை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு.

முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகளே பெரும்பாலோர். சமவாய்ப்பு முறையில் ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே காலம்: ஐசோனியாசிட்டும் பாஸும், ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள், அவர்களுடைய எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் அந்த அளவுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் மருந்தை விழுங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு இறுதியில் கிருமி அடங்கிய நிலையை எட்டியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

இந்த இரண்டு எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சமம் என்று இந்த ஆய்வு நிரூபித்ததாகவே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறோம். இறுதிப் பகுப்பாய்வில் ஒவ்வொரு தரப்பிலும் இருந்தவர்கள் எண்பதை ஒட்டியவர்கள்தான். அந்த எண்ணிக்கையில் 6 புள்ளி வேறுபாட்டுக்கு 95 சதவீத நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், ஒரு முனையில் வீடு 3, 4 புள்ளி மேலாகவும், மறு முனையில் சானடோரியம் ஏறத்தாழ 15 புள்ளி மேலாகவும் வருகிறது. புதிய சிகிச்சை பழையதைவிட 10 புள்ளிக்கு மேல் தாழ்ந்ததாக இருக்கக் கூடாது என்ற இன்றைய தாழ்வின்மை ஆய்வுகளின் அளவுகோலை வைத்தால், சென்னை ஆய்வு தேறாது. கறாரான ஒரு மதிப்பீட்டாளர் அந்தக் கட்டுரையை இன்று திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனாலும் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். அதைச் சரியாக்குவது புள்ளியியல் மட்டும் இல்லை, படுக்கைக் கணக்கும்தான். நம்பக இடைவெளியின் மோசமான முனையையே எடுத்துக்கொள்வோம்: வீட்டில் நூற்றுக்கு 15 பேர் குறைவாகக் குணமாகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓராண்டுச் சிகிச்சையில் 6,000 படுக்கைகள் ஆண்டுக்கு 6,000 பேரையே ஏற்கும். சானடோரியச் செலவை வீட்டுச் சிகிச்சைக்குத் திருப்பினால் அதைவிடப் பன்மடங்கு பேரை எட்டலாம். ஒப்பிட வேண்டிய மாற்று சானடோரியமே அல்ல. சிகிச்சையே கிடைக்காத லட்சக்கணக்கானவர்களின் நிலைதான் உண்மையான மாற்று. பிற்காலப் பொருளாதார மதிப்பீட்டின் முதுகெலும்பான வாய்ப்புச் செலவு என்ற கருத்து, பெயர் சொல்லப்படாமலேயே இங்கே வேலை செய்திருக்கிறது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டபோது அந்தக் கணக்கு கொள்கையாகவே ஆகிவிட்டது.

மையத்தின் ஆய்வாளர்கள் அடுத்தடுத்த ஐயங்களையும் விட்டுவைக்கவில்லை. நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்குத் தொற்றாதா? சிகிச்சை தொடங்கிய பிறகு, இரு தரப்புக் குடும்பங்களிலும் புதிதாக நோய் கண்டவர்களின் அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று 1960இல் எழுதினார்கள். ஆபத்தின் பெரும்பகுதி மருந்துக்கு முன்பே கடந்துபோயிருந்தது. சாப்பாடு? மருந்து ஒழுங்காகச் சேர்ந்தால் குணமாவதற்கு உணவின் தரம் தீர்மானிக்கும் காரணி இல்லை என்றது 1961 கட்டுரை. 1966இல் வெளிவந்த ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பும் வீட்டுச் சிகிச்சைக்குப் பாதகமாக எதையும் காட்டவில்லை.

முறையியல் நோக்கில் இவை அபாரமான ஆய்வுகள். ஆனால் செலவு என்ற பார்வையில் இவை அனைத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சானடோரியம் கொடுத்த சோறு, படுக்கை, பராமரிப்பு எல்லாம் அரசின் கணக்கில் இருந்தவை. வீட்டுச் சிகிச்சையில் அவை மறைந்துபோகவில்லை. நோயாளியின் வீட்டுக்கு இடம்பெயர்ந்தன. சோற்றை மனைவி பார்த்துக்கொள்ள வேண்டும். போன கூலிக்குக் கடன்தான் வழி. சமூக நோக்கில் கணக்கிட வேண்டுமா, அரசின் நோக்கில் மட்டும் போதுமா என்பது பின்னாளில் பொருளாதார மதிப்பீட்டின் முதல் கேள்வியானது. 1959இல் அதைக் கேட்க ஆளில்லை.

அடுத்த கட்டம் இந்த இடைவெளியை அகலமாக்கியது. மருந்தை நோயாளியிடம் கொடுத்தனுப்பினால் விழுங்காமல் விடுகிறார்கள் என்பதால், வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்துக் கண்முன்னே கொடுக்கும் முறையைச் சென்னை சோதித்தது. 1964இல் முடிவு வந்தது. பலன் நன்றாக இருந்தது. பின்னாளில் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் ஒரு வேர் இது. உலக வங்கி 1993 அறிக்கையில் குறுகிய காலக் காசநோய்ச் சிகிச்சையை மிகக் குறைந்த செலவில் மிகுந்த ஆயுளை மீட்டுத் தரும் தலையீடுகளில் ஒன்றாக வைத்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த பிறகுதான் நன்கொடை நிறுவனங்களின் பணம் காசநோய்ப் பக்கம் திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செலவுக் கணக்கு இங்கே பிரசாரக் கருவியாகவும் பயன்பட்டது. வாரம் இருமுறை பஸ் பிடித்து வரும் நோயாளியின் அரை நாள் கூலி அந்தப் பட்டியலை மாற்றவில்லை.

அந்த அரை நாளை எண்ணத் தொடங்கியவர்கள் அதே சென்னை நிறுவனத்தினர். ராஜேஸ்வரியும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 304 பேரிடம் விசாரித்தார்கள். ஒருவருக்கு ஆன சராசரிச் செலவு 5,986 ரூபாய்; அதில் 3,934 ரூபாய் வருமான இழப்பு போன்ற மறைமுகச் செலவு. வேலை இழந்த நாள்கள் சராசரியாக 83. நோயாளிகளின் பிள்ளைகளில் பள்ளி சென்றவர்களில் 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். மருந்து இலவசம் என்பதாலேயே சிகிச்சையும் இலவசம் என்ற நினைப்புக்கு இந்த எண்களுக்குப் பிறகு இடமில்லை.

மருந்தாய்வுக்குள்ளேயே இந்தக் கணக்கைச் சேர்த்த உதாரணம் ஸ்ட்ரீம் ஆய்வு. ஃபாக்ஸ் இருந்த அதே பிரிட்டிஷ் மன்றத்தின் மரபில் வந்தவர்கள் நடத்தியது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஏறத்தாழ இருபது மாதச் சிகிச்சையை ஒன்பது மாதமாகச் சுருக்க முடியுமா என்று எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா, மங்கோலியா, வியட்நாம் நாடுகளில் பார்த்தார்கள். வெற்றி விகிதம் நீண்ட முறைக்கு 79.8 சதவீதம், குறுகியதற்கு 78.8 சதவீதம், இம்முறை 10 புள்ளி எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கூடவே செய்த பொருளாதார மதிப்பீட்டில், சுகாதாரத் துறைக்கு ஒரு நோயாளிக்கான செலவு தென்னாப்பிரிக்காவில் சுமார் 8,300 டாலரிலிருந்து 6,600 டாலராகக் குறைந்தது. எத்தியோப்பியாவில் நோயாளிகள் கூடுதல் உணவுக்குச் செய்த செலவு எவ்வளவு குறைந்தது, எத்தனை மணி நேரம் அதிகமாக வேலை செய்ய முடிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

உணவு பற்றிய 1961ஆம் ஆண்டு முடிவுக்கும் ஒரு பின்கதை உண்டு. ஜார்க்கண்டில் சென்னை நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரைகள். அந்தப் பிரிவின் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இது 1961 முடிவை மறுக்கவில்லை. அன்று கேட்டது மருந்து எடுப்பவர் குணமாவதைப் பற்றி. இப்போது கேட்டது பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நோய் வருவதைப் பற்றி. ஆனால் சானடோரியத்துக்குப் பதில் வீட்டைத் தேர்ந்தபோது அரசு மிச்சம் பிடித்த சாப்பாட்டுச் செலவு வெறும் மிச்சம்தானா என்ற கேள்வியை அது திறந்துவிட்டது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. அது நோயாளியின் பெயரில் வருகிறது. சாப்பிடுவது ஒரு குடும்பம்.