அந்த எண் யாருக்காகப் பிறந்தது?

என் அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் போனில் கேட்டான்: "சித்தி, ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட ஐக்யூ டெஸ்ட் எடுத்தேன். 138 வந்திருக்கு. லிங்க்ட்இன் புரொஃபைல்ல போடலாமா? டெஸ்ட் ஸ்கோருக்குன்னு அங்க தனி இடமே இருக்கு."

மதுரையில் ஒரு சிறப்புப் பள்ளியில் உளவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து, கேள்வி கேட்டு, அந்த எண்ணைக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் காரணம் சொல்லாமல் அவன் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டான். காரணமோ போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. 120 ஆண்டு வரலாறு அது.

பாரிஸில் தொடங்குகிறது. பிரான்சில் 1882இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை வீட்டிலும் வயலிலும் இருந்த பிள்ளைகளெல்லாம் வகுப்பறைக்கு வந்தார்கள். சிலரால் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடியவில்லை. அவர்களை ஆசிரியரின் எரிச்சலையோ ஊகத்தையோ நம்பி ஒதுக்கிவிடாமல், முறையாக இனங்கண்டு தனிக் கவனம் கொடுக்க வழி தேட 1904இல் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவில் இருந்தவர், சோர்போனில் உளவியல் ஆய்வகத்தை நடத்திவந்த ஆல்ஃப்ரெட் பினே. தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து அவர் 1905இல் 30 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

எரிகிற தீக்குச்சியை நகர்த்தினால் பிள்ளையின் கண் பின்னாலேயே போகிறதா என்பதுதான் முதல் சோதனை. பிறகு ஒரு சாக்லேட் துண்டையும் மரத்துண்டையும் காட்டி, எது தின்கிற பொருள் என்று தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் பெட்டிகளை எடை வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். இப்படி எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும். 1908இல் பினே இவற்றை வயதுவாரியாக அடுக்கினார். எந்த வயதுக்குரிய சோதனை வரை பிள்ளை செய்கிறதோ, அது அந்தப் பிள்ளையின் அன்றைய நிலை.

'அன்றைய' என்பதில் பினே உறுதியாக இருந்தார். அறிவு பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்ட சரக்கு, கூட்டவே முடியாது என்ற கருத்தை 1909இல் எழுதிய நூலில் கடுமையாக எதிர்த்தார். கவனம் சிதறும் பிள்ளைகளுக்காகப் பயிற்சிகள் வகுத்தார். சிலை போல அசையாமல் நிற்கிற விளையாட்டு அவற்றில் ஒன்று. அதே விளையாட்டை எங்கள் பள்ளி வராந்தாவில் நானும் விளையாட வைத்திருக்கிறேன். முதல் வாரம் ஐந்து விநாடி நிற்க முடியாத பிள்ளை அடுத்த பருவத்தில் அரை நிமிடம் நிற்கும். அளப்பது சொல்லிக்கொடுப்பதற்காக என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த வராந்தா.

பினே 1911இல் 54 வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், பிள்ளை எட்டிய சோதனைக்குரிய வயதை, அதாவது மனவயதை, உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி 1916இல் ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையை வெளியிட்டார். எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுக்கான சோதனைகளைச் செய்தால் ஐக்யூ 125. பிள்ளை எங்கே தடுமாறுகிறது, எந்தக் கேள்விக்கு அழுதது, எதற்குச் சிரித்தது என்று எழுதிய பக்கங்கள் பின்னால் போயின. ஓர் எண் மட்டும் முன்னால் வந்தது. எண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். போனார்கள்.

நியூஜெர்சியின் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் இருந்த ஹென்றி கோடார்ட், பினேயின் அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். அவர் அதை நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்கு எடுத்துப் போனார். கடல் கடந்து வந்து களைத்து நிற்கும் குடியேறிகளை, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வி கேட்டு 'மந்தபுத்தி' என்று குறித்தார்கள்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் ராணுவத்துக்குள் நுழைந்தார்கள். ஏறக்குறைய 17 லட்சம் பேருக்குச் சோதனை நடந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' என்ற தாள், தெரியாதவர்களுக்கு 'பீட்டா' என்ற படத் தாள். முடிவில் 'ஏ' முதல் 'இ' வரை ஒரு தரம். ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? அது அமெரிக்கச் சமையலறைகளில் புழங்கிய ஒரு கொழுப்பின் பெயர். பீட்டாவில் டென்னிஸ் மைதானத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். வலையைக் காணோம் என்று சொல்ல வேண்டும். சிசிலியின் மலைக் கிராமத்திலிருந்து வந்தவன் டென்னிஸை எங்கே கண்டான்? அமெரிக்காவில் எத்தனை காலம் வாழ்ந்தான் என்பதையே அந்தத் தாள் அளந்தது. ஆனால் இந்தத் தரவை வைத்து எந்த நாட்டுக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923இல் ஒரு நூலே எழுதினார். 1930இல் அவரே தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று எழுதினார். அதற்குள் அந்த எண்ணிக்கைகள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன.

போர் முடிந்ததும் கம்பெனிகள் சோதனைக்கு ஆசைப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்களை ஒரு மணி நேரத்தில் தரம் பிரிக்கலாம் என்றால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? 1930களில் வந்த வாண்டர்லிக் சோதனை இன்னும் சுருக்கம்: 12 நிமிடம், 50 கேள்வி. அந்தத் தாள் ஓர் ஊரில் என்ன செய்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த பகுதி.

வட கரோலினா மாநிலத்தின் டிரேப்பரில் டியூக் பவர் நிறுவனத்துக்கு டான் ரிவர் அனல்மின் நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே ஐந்து துறைகள். கறுப்பினத்தவருக்கு 'லேபர்' என்ற கூலிவேலைத் துறை ஒன்றில் மட்டுமே இடம். அந்தத் துறையின் அதிகபட்சச் சம்பளம் மற்றத் துறைகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் நிறபேதம் கூடாது என்ற சட்டப்பிரிவு 1965 ஜூலை 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி போட்டது. நல்ல துறைகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது. வாண்டர்லிக் சோதனையிலும் பென்னட் இயந்திரவியல் சோதனையிலும் தேற வேண்டும். கூலிவேலையில் இருப்பவர்கள் மேலே போகச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர்கள் இந்த இரண்டு சோதனையிலும் தேறினால் போதும் என்று செப்டம்பரில் சேர்த்தார்கள். தேர்ச்சிக்கு வைத்த அளவு, பள்ளி முடித்தவர்களிலேயே பாதிப் பேர் தாண்ட முடியாத அளவு. இப்படிப்பட்ட சோதனைத் தொகுப்பில் வேறோர் இடத்தில் வெள்ளையரில் 58 சதவீதமும் கறுப்பினத்தவரில் 6 சதவீதமும் தேறினார்கள் என்ற கணக்கு பின்னால் நீதிமன்றத்தின் முன் வந்தது. பிரிக்கப்பட்ட, வசதி குறைந்த பள்ளிகளில் படிக்க வைத்துவிட்டு, அதன் விளைவை அறிவு என்று அளந்தால் வேறென்ன வரும்?

வில்லி கிரிக்ஸ் உள்ளிட்ட 13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச் 8ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். விதி வருவதற்கு முன்பே அந்தத் துறைகளில் சேர்ந்திருந்த, சான்றிதழும் சோதனையும் இல்லாத வெள்ளையர்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதை நீதிமன்றம் கவனித்தது. அப்படியானால் இந்தச் சோதனைக்கும் கரி அள்ளுவதற்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்வதற்கும் என்ன தொடர்பு? சோதனை வைக்கலாம். ஆனால் அது அந்த வேலைக்கு ஆள் பொருத்தமா என்பதை அளக்க வேண்டும்; ஆளை வெறுமனே எடைபோடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உயர்ந்த எண்ணும் காப்பாற்றியதில்லை. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகரக் காவல்துறை 1990களில், வாண்டர்லிக்கில் 33 வாங்கிய ஒருவரை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. இவ்வளவு அறிவு இருந்தால் சலித்துப்போய் வேலையை விட்டுவிடுவார் என்பது காரணம். வழக்கிலும் அவர் தோற்றார். எதிர்காலத்தையும் அந்த எண் சரியாகச் சொன்னதில்லை. டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் 1,500 மேதைக் குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். எண் போதவில்லை என்று அவர் விட்டுவிட்ட சிறுவர்களில் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கினார்கள். பொறுக்கியெடுத்தவர்களில் ஒருவரும் வாங்கவில்லை.

நம் நாட்டுக்கு இந்தச் சோதனை வந்தது லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் வழியாக 1920களில். பிறகு வி.வி. காமத் 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளிடம் சோதித்துத் திருத்தியமைத்தார். பினே–காமத் என்ற பெயரில் நான் கையாண்டது அதைத்தான். அது இங்கே பெரும்பாலும் பினே நினைத்த இடத்திலேயே தங்கியது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து ரயில் கட்டணச் சலுகை இவற்றுக்கெல்லாம் ஒரு மதிப்பீடு வேண்டும். என் அறிக்கைகள் போனது அங்கேதான். ஒரு முறை நான்கு எண்களைத் திருப்பிச் சொல்ல முடியாமல் ஒரு பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும், அம்மாவின் காய்கறிக் கடையில் தக்காளி, கத்தரி, முருங்கை என்று ஒவ்வொன்றின் விலையையும் எனக்கு வரிசையாகச் சொன்னான். எண்ணையும் எழுதினேன். விலை சொன்னதையும் எழுதினேன். இரண்டும் சேர்ந்தால்தான் அது அறிக்கை.

இப்போது 138க்கு வருகிறேன். எந்தச் சோதனை, எந்த ஆண்டு என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அறிவாளிகள் சங்கமான மென்சா, மேல்மட்ட 2 சதவீதத்துக்குள் வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதே தகுதிக்கு வெக்ஸ்லர் சோதனையில் 130 போதும். கேட்டல் என்ற உளவியலாளரின் சோதனையில் 148 வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிக்கொண்டே போவதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டினார். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி. பழைய தாளில் எடுத்தால் யாருக்கும் கூடுதலாக வரும். ஆளெடுப்பவர் இதையெல்லாம் சரிபார்க்க முடியாது. படித்ததும் அவருக்குத் தோன்றக்கூடியது ஒன்றே: இவன் தன்னைப் பற்றி இப்படி நினைக்கிறான்.

இதைவிடப் பெரிய காரணம் எனக்கு உண்டு. 138 பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் என்றால், 58 நெற்றியில் சுட்ட சூடு ஆகிவிடும். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது. எண் காட்டி ஆளெடுப்பது வழக்கமானால் முதலில் கதவு சாத்தப்படுவது என் பள்ளிப் பிள்ளைகளுக்கு. எங்களிடம் படித்த ஒருவன் இப்போது ஒரு பேக்கரியில் ரொட்டி பேக்கிங் செய்கிறான். வேலைக்கு எடுக்கும்போது முதலாளி எண் எதுவும் கேட்கவில்லை. "ஒரு வாரம் வரட்டும், பார்க்கிறேன்" என்றார். பார்த்தார், வைத்துக்கொண்டார். டான் ரிவர் மின் நிலையத்துக்கு உச்ச நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்ததை அவர் தானாகவே செய்தார்.

அக்கா மகனுக்கு இதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசியில் நின்றுபோய்க்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் பில்லிங் மென்பொருளை அவன் போன வருஷம் சரிசெய்தான். கோளாறு எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தான், எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள் என்று புரொஃபைலில் எழுதட்டும். படிப்பவர் அதைப் பற்றி மேலும் கேட்கலாம், விசாரிக்கலாம், நம்பலாம். 138 அவனுடைய சொந்த விஷயம். அது அவன் வீட்டு ஃபைலில் இருக்கட்டும்.